சேறு போன படம்

என் அப்பா அரங்கநாதன் சுவரில் விளம்பரம் எழுதுகிறவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில், வளைவுக்கு வளைவு ‘நெகிழி தவிர்ப்போம்’ என்று எழுதியது அவர்தான். ஒரு மழைக்காலம் முடிந்து, மங்கிய எழுத்துகளைப் புதுப்பிக்கப் போனார். ஒவ்வொன்றின் அடியிலும் பையும் பாட்டிலும் குவிந்து கிடந்தன. பெயின்ட் டப்பாவைத் திறக்காமலே திரும்பிவிட்டார்.

“படிக்கத் தெரிஞ்சவன்தான் போட்டுட்டுப் போறான். இன்னும் இன்னாத்த எழுதறது?” என்றார்.

அதற்குப் பிறகு எழுத்தில்லாத படங்கள் செய்தார். பழைய பேனர் சட்டத்தில் கோழிவலை. மலையில் அருவிக்குக் கீழே ஓடையில் பொறுக்கிய ஷாம்பு பாக்கெட், நாற்றுப் பை, சொட்டுநீர்க் குழாய், செருப்பு எல்லாம் அதில் கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கும். மரமோ முகமோ தெரியாது. ஒரு பக்கம் கறுப்பு கனக்கும். குறுக்கே வெள்ளி நிறம் சரிந்து இறங்கும். பெயின்ட் கிடையாது. பொறுக்கியதைக் கழுவவும் மாட்டார். ஓடை ஏற்றிய செம்மண் அப்படியே காய்ந்து வெடிக்க வேண்டும். அவருடைய நிறமே அதுதான்.

நான் ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். லீவில் வந்தால், எந்தப் பை எவ்வளவு காலம் வெயில் தாங்கும் என்று கேட்பார். சொல்வேன். “அப்ப எனக்கு அப்பறமும் இருக்கும்” என்பார்.

வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் சடையன், கடைக்குள் ஒரு படத்தை மாட்டியிருந்தார். இது என்ன குப்பை என்று சுற்றுலா வந்த ஒருவர் கேட்டாராம். “போன தடவ நீங்க மறந்துட்டுப் போனதுங்க. பத்திரமா வெச்சிக்கினு இருக்கோம்” என்றாராம் அப்பா. ஒரு விடுதிக்காரர், கழுவி வார்னிஷ் அடித்துக் கொடுத்தால் வரவேற்பறையில் வைப்பதாகச் சொன்னார். கழுவினால் வெறும் ஜிகினா என்று அப்பா மறுத்துவிட்டார்.

கடைசிப் படம்தான் பெரியது. கடையில் பஸ் வந்து நிற்கும் பக்கத்துச் சுவரைச் சடையன் அதற்காக ஒழித்து வைத்திருந்தார். பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் மாட்டுவதாகப் பேச்சு. மார்கழியில் மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார். படம் எங்கள் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. அந்த ஒன்றாவது அவர் செய்தபடியே மலைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் வீடு கழுவினார்கள். நான் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது படம் குழாயடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தேங்காய் நாரும் சோப்புத் தூளும். குஞ்சம்மாள் அத்தை, அப்பாவின் தங்கை, முந்தானையில் கை துடைத்தாள்.

“சாவு வூட்ல அழுக்கு நிக்கக் கூடாதுடி. பாவம் எங்கண்ணன், இதக் கழுவக்கூட நேரம் இல்லாம போய்ட்டாரு. இப்ப பாரு, கண்ணாடி மாதிரி.”

அழுதுகொண்டே தேய்த்திருக்கிறாள். சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் போனது. வந்திருந்த உறவினர்கள் சுற்றி நின்று லட்சணமாக இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் சொந்தத்தில் அப்பாவின் படத்தை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கருமாதி முடிந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சடையன் சுற்றி வந்து பார்த்தார்.

“அண்ணன் செஞ்ச மாதிரி இல்லியேம்மா.”

நடந்ததைச் சொன்னேன். பொங்கல் நெருங்குகிறது, இப்படியே மாட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பா பொறுக்கும் ஓடை வளைவுக்கு இரண்டு பேரும் தூக்கிப் போனோம். தண்ணீரில் கிடத்தி, நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். பொங்கலுக்குச் சுவர் காலியாகவே இருந்தது.

மாசியில் போய்த் தூக்கினோம். முன்பைவிடக் கனம். செம்மண் அப்பியிருந்தது. கூடவே புதிதாகக் காகிதக் கப், சிப்ஸ் பாக்கெட், ஒரு குழந்தையின் செருப்பு.

“இதுங்கள எடுத்துப் போட்டுட்லாமா?” என்றார் சடையன்.

அப்பா கட்டியவை அசையவில்லை. புதியவை சும்மா செருகிக்கொண்டிருந்தன. கடையில் கட்டுக்கம்பி இருக்கிறதா என்று கேட்டேன்.