டயரை மாற்றியவர்கள் மீட்டரை மறந்த கதைகள்

லாரிக்குப் புது டயர் போட்டால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், சூடம் காட்டுவார்கள், படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். வேகம் காட்டுகிற மீட்டரை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மீட்டரைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. என் பெயர் ஸ்டெல்லா, குருபோங் தொழிற்பேட்டையில் கடை. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் உருளும். டயர் மாறிய சேதி மீட்டருக்குத் தெரியாது. அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். மீட்டரில் எண்பது என்றால் ரோட்டில் தொண்ணூறை நெருங்கியிருப்பீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எவனோ செய்த கூத்துக்கு நீங்களும் திட்டு வாங்கியவரா? அப்படியென்றால் இப்படி வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

பூசைக்குப் போன கதை

மணியம் அண்ணனின் லாரி கம்பெனி எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி. ஒரு லாரிக்கு உயரமான டயர்களாகப் போட்டார், பூசைக்கு என்னையும் கூப்பிட்டார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, போனேன். சந்தனம் வைத்தார்கள், சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள். சுண்டலைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, மீட்டரையும் ஒரு தடவ பாத்துடுவோம், அர நாள் வேலதான்" என்றேன். கல்யாண வீட்டில் அபசகுனம் பேசியவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மணியம் அண்ணன் சூடத் தட்டைக் கீழே வைத்தார். "சாமிக்கே காட்டியாச்சுலா ஸ்டெல்லா, அதுக்கு மேல உன் மெஷினுக்கு வேற காட்டணுமா?"

உம்பாய்ப் பிக்அப்

உம்பாயில் மீன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பிக்அப்பில் வந்து இறங்கினார். டயர் மட்கார்டில் உரசுகிறது என்று மட்கார்டையே அறுத்துப் போட்டிருந்தார். அவருடைய புகார், மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பது. டயரை மாற்றினீர்களா என்று கேட்டேன். ரிம் அதேதான், அதனால் டயரும் அதே சைஸ்தான் என்று அடித்துச் சொன்னார். ரிம்முக்கு மேலே இருக்கிற ரப்பர் எத்தனை உயரம் என்பதுதான் கணக்கு என்றேன். காதில் ஏறவில்லை.

பின்னால் கிடந்த அவருடைய பழைய டயரை இறக்கச் சொன்னேன். சாக்பீஸால் கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டினேன். பிறகு அதே இடத்திலிருந்து பிக்அப்பையும் ஒரு சுற்று நகர்த்தினேன். இரண்டும் போய் நின்ற இடங்களுக்கு நடுவே நான் தாராளமாகக் கால் வைத்து நிற்கலாம். வெயிலில், மீன் கவிச்சியில், முட்டி போட்டு இந்தப் பாடம் நடத்தினேன். அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அப்ப பழைய டயருதான் தேஞ்சு சின்னதாயிருச்சுக்கா. புதுசு சரியாத்தான் இருக்கு."

கனமான கால்

மணியம் அண்ணன் பூசை போட்டாரே, அந்த லாரியை ஓட்டுகிறவர் தேவா. ஹைவேயில் லாரிக்கு எண்பது என்றால் மீட்டர் முள்ளை எண்பதிலேயே கட்டிப்போட்டு ஓட்டுகிற மனிதர். அவரைத்தான் கேமரா பிடித்தது. வேகத்துக்கான அபராதச் சம்மன் கம்பெனிக்கு வந்தது. ஓட்டியது தேவா என்று முதலாளி கைகாட்டிவிட்டார். அடுத்த மாதமே இன்னொன்று. இனி ஒன்று வந்தால் லைசென்ஸை முடக்கிவிடுவார்கள் என்ற நிலையில் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து நின்றார். "எம்பதுலதான்கா போனேன். பிள்ளைங்க மேல சத்தியம். லைசென்ஸ் போச்சுனா எனக்கு வேற என்னா வேல தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாளி சொல்லாமல் அவர் லாரியில் நான் கை வைக்க முடியாது. உடனே மணியம் அண்ணனுக்குப் போன் போட்டேன். டயர் உங்களுடையது, லாரி உங்களுடையது, தண்டனை மட்டும் அந்த மனுஷனுக்கா என்று கேட்டேன். அந்தப் பக்கம் தே தாரே டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மீட்டர் என்னா பண்ணும்? அவன் காலு கனம்லா!"

பத்தைக் கழி

கடைசியில் மணியம் அண்ணனை அசைத்தது நான் இல்லை. சரக்கு கொடுக்கிற தொழிற்சாலைக்காரர்கள் லாரியின் பழைய ஜிபிஎஸ் கணக்கைப் பார்த்துவிட்டு, வேகத்தைச் சரிசெய்யாமல் கேட்டுக்குள் வராதே என்று விரட்டிவிட்டார்கள். மறுநாளே லாரி என் வாசலில். புது டயர் அளவைப் பதிந்து, நேர் ரோட்டில் ஓட்டி, ஜிபிஎஸ் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தேன். "இனிமே மீட்டர் காட்டுறதுதான் வேகம், டிரைவருங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஓகேலா, ஓகேலா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவியைக் கைமாற்றும்போது அந்த லாரியின் குணத்தையும் வாயால் சொல்லிக் கொடுப்பார்கள்: பிரேக் இடது பக்கம் இழுக்கும், கதவை இரண்டு தடவை அறை, மீட்டரில் பத்தைக் கழித்து ஓட்டு. சம்மனுக்குப் பயந்து தேவாவும் எழுபதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சரிசெய்த பிறகும் எழுபதுதான். இப்போது அது நிஜ எழுபது. கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு நாள் தாமதமானால் தேவாவை இறக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவேன் என்று மணியம் அண்ணன் என் கடையில் வந்து குதித்தார். "பழைய மீட்டர்ல லாரி பறந்துச்சு, நீ தொட்டதும் படுத்துருச்சு. பழையபடி பொய் சொல்ல வச்சுக் குடு!"

பின்னால் வந்த வண்டி

முடியாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லி அனுப்பினேன். தேவாவைக் கூப்பிட்டு, இனி கழிக்காதே, எண்பது என்றால் எண்பதுதான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏற்கெனவே மீட்டரை நம்பிக் கெட்டவர். இந்த முறை நான் தப்பு என்றால் லைசென்ஸ் அவருடையதுதானே போகும். அதனால் மறுநாள் லாரியில் நானும் ஏறி உட்கார்ந்தேன். ஹைவேயில் முள் எண்பதில் நின்றது. தேவா ரோட்டோரக் கேமராக்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறோம் என்று கையும் களவுமாகப் பிடிக்க மணியம் அண்ணன் தன் ஃபோர் வீல் வண்டியில் பின்னாலேயே வந்தார். அந்த வண்டிக்கும் உயரமான டயர், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தது. மீட்டர் வேலை ஆகவில்லை. என்ன வேகம் என்று போனில் கேட்டார். எண்பது என்றதும் கத்தினார்: "அங்க எம்பதா? எனக்கு இங்க எழுபதுதான் காட்டுது! ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துறீங்க!" கோபத்தில் எங்களைத் தாண்டிப் பறந்துபோனார். சின்ன வண்டிக்கு அனுமதித்த நூற்றுப்பத்தைத் தன் மீட்டரில் தாண்டவே இல்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சத்தியம் செய்தார்.

தேவாவுக்குச் சம்மன் வரவில்லை. துறைமுகத்துக்கும் நேரத்தோடு போனார். அந்த நாளுக்கான சம்மன் மணியம் அண்ணன் பெயருக்கு வந்தது. அவர் என் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. ஃபோர் வீலைத் தேவாவிடம் கொடுத்து அனுப்பினார். தேவா முகத்தில் சிரிப்பே இல்லாமல், லாரிக்காரர் முறைப்படி, சாவியை என் கையில் வைத்தார். "பத்தைக் கழிச்சு ஓட்டுங்கக்கா. முதலாளி காலு கொஞ்சம் கனம்."

டயர் பூசைக்கு எனக்கு இன்றும் சுண்டலோடு அழைப்பு வருகிறது, மீட்டருக்கான அழைப்பு மட்டும் எப்போதும்போலச் சம்மனுக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது.