காலிக் காருக்கு ஒரு கும்பிடு

தோட்டத்து ஆட்கள் சைக்கிளுக்காக வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தபோது, பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து படித்தவர் ஒருவர் வந்திருந்தார். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கினால் என்ன குறைந்துவிடும், இதற்கெல்லாமா ஒரு போராட்டம் என்று என்னிடம் கேட்டார். நான் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பேச ஆரம்பித்திருந்தால் அவர் தலைமுறைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. வெள்ளைக்காரத் துரையோ, துரையின் காரோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். கார் கண்ணுக்கு மறைகிற வரை ஏறக் கூடாது. துரை பாதி நேரம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டானே! யார் இறங்கவில்லை, எவன் சீக்கிரம் ஏறினான் என்று கவனித்து வைத்ததெல்லாம் நம் மொழி பேசுகிற, கணக்கெழுதும் கிராணியும் காரோட்டியும்தான்.

அந்தப் போராட்டத்துக்குச் சில வருஷம் முன்பு எனக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து ஓர் இரவு போய் விடிந்த பிறகும் பிள்ளை இறங்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். தோட்டத்து லோரி ரப்பர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, விழுந்துவிடாமல் சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். செம்மண் சடக்கில் ஒவ்வொரு குழிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அவர் மூச்சு வாங்குவது முதுகு வழியாக எனக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் பாசமில்லாதவர் என்று நான் எந்நாளும் சொல்ல மாட்டேன்.

வளைவில் துரையின் கறுப்புக் கார் வந்தது. அதைப் பார்த்ததுமே அவருடைய கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. சேலை முடிச்சை அவிழ்த்து என்னையும் இறக்கி நிறுத்தினார். துண்டு கக்கத்துக்குப் போயிற்று. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காருக்குள் துரை இல்லை. பின்சீட்டில் துரைசாணியின் நாய் படுத்திருந்தது. கிள்ளானில் மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு வருகிறார்களாம். ஓட்டியவன் என் வீட்டுக்காரரோடு ஒரே கப்பலில் வந்தவன். ஒரே தட்டில் சோறு தின்றவன். நாங்கள் நின்ற இடத்துக்கு வந்து சரியாக அந்தக் கார் நின்று போயிற்று.

வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். "அண்ணே, வண்டியைத் திருப்பி என்னைய ஆஸ்பத்திரில விட்டுருங்கண்ணே. ஒங்க காலுல விழறேன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நனைந்திருந்த என் சேலையைப் பார்த்தான். சீட்டில் கறை பட்டால் தன் சோறு போய்விடும் என்றான். அதோடு விட்டானா? எஞ்சின் மக்கர் பண்ணுகிறது, கொஞ்சம் தள்ளிவிடு என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

அவர் தள்ளினார். ஐயோ, தள்ளினார்! பொண்டாட்டி நடுச்சடக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர் நாய் ஏறிய காரைத் தள்ளிக்கொண்டு போகிறார். "உள்ள நாய்தாங்க இருக்கு, வந்து ஏறுங்க" என்று கத்தினேன். "கொஞ்சம் பொறு புள்ள, இந்தா கெளம்பிரும்" என்றார். அது கிளம்புவதற்குள் சட்டை முழுக்கச் சேறாகிவிட்டது. ஓடி வந்து என்னை மறுபடி கட்டிக்கொண்டு ஏறினார். அப்போது கார் கண்ணுக்கு மறைந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று நர்சம்மா என் வீட்டுக்காரரைத் திட்டினாள். அவர் அவளுக்கும் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுபோய் ஆத்திரம்தான் வந்தது.

நான் திரும்பி வந்து, தாய்ப்பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கிடந்த நாட்களிலேயே கிராணி ஆள் அனுப்பினான். கார் மறைவதற்கு முன் சைக்கிளில் ஏறிவிட்டதாகக் காரோட்டி சொல்லியிருக்கிறான். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையாக நிற்கையில் இவரை மட்டும் முன்னால் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, நடக்க மாட்டாமல் நடந்து நானும் போய் ஓரமாக நின்றேன்.

கிராணி குரலை உயர்த்தவே இல்லை. காரில் துரை இருந்தாரா, நாய் இருந்ததா என்பது உனக்கு வேண்டாத கேள்வி, கார் துரையுடையது என்றான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரக்கப்பட்டவன் மாதிரி அவரிடம் சொன்னான்.

"புள்ள செத்த வீடுங்கிறதால இந்தத் தடவ மன்னிச்சு விடறேன், போ."

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "ஐயா நல்லா இருக்கணும்" என்றார்.