சவேரியின் சட்டியும் என் ஜாடியும்: தூத்துக்குடியில் இரண்டு நாள்

தூத்துக்குடிக்கு ஜனங்கள் சரக்கு விஷயமாகப் போவார்கள், கொழும்புக்குக் கப்பல் ஏறப் போவார்கள், பனிமய மாதாவைக் கும்பிடப் போவார்கள். நான் ஓர் ஆமையின் இதயத்துக்காகப் போனேன். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதம். சென்னையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. எங்கள் புரொபசர் ஆட்டுக் கணையத்திலிருந்து ஒரு சாறு இறக்கியிருந்தார். அதை நாயின் உடம்பில் ஏற்றினால் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுத்தன. இதயத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்து, அதை இந்தச் சாறு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தவளை இதயம் சுண்டைக்காய் அளவு. அதை வைத்துக்கொண்டு மல்லாட முடியாது. கடல் ஆமையின் இதயமோ பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். உடம்பை விட்டு எடுத்த பிறகும் வெகு நேரம் அடிக்கும். ஆமையை உயிரோடு ரயிலில் கொண்டுவந்தால் வெக்கையில் பாதி வழியிலேயே போய்விடும். ஆகவே என்னைப் போய்வரச் சொன்னார்.

எழும்பூரிலிருந்து தூத்துக்குடி நானூற்று நாற்பது மைல் சொச்சம். மூன்றாம் வகுப்புக்கு நான் கொடுத்தது ஏழு ரூபாய் பத்தணா. மாலையில் ஏறினால் மறுநாள் மத்தியானம் இறங்கலாம் என்றார்கள். என் வண்டி மணியாச்சியில் ஒன்றரை மணி நேரம் யோசித்துவிட்டு மூன்றேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கையில் வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடி ஒன்று, உப்புக் கரைசல் இரண்டு பாட்டில், ஐஸ் போட்ட பிளாஸ்கில் அந்தச் சாறு, ஒரு சைக்கிள் பம்ப். டிக்கெட் பரிசோதகர் பம்பைப் பார்த்துவிட்டு சைக்கிள் எங்கே என்று கேட்டார். இதயத்துக்குக் காற்றடிக்க என்றேன். அதற்கப்புறம் அவர் எங்கள் பெட்டிப் பக்கமே வரவில்லை.

கடற்கரையிலிருந்து ஒரு பர்லாங்கில் மாடி அறை கிடைத்தது, நாளுக்கு ஒரு ரூபாய். ஜன்னல் பெரியது, காற்று வரும், மூட்டைப்பூச்சியும் வரும். மறுநாள் காலை ஐந்தரைக்குக் குதிரை வண்டி பிடித்தேன். இரண்டு மைலுக்கு ஆறணா.

"ஆமைக் கொட்டகைக்கா? ரத்தம் குடிக்கவா அய்யா வந்திருக்கீய?" என்றார் வண்டிக்காரர்.

இதயம் வாங்க வந்திருக்கிறேன் என்றேன்.

"அது சவேரி குடுக்க மாட்டாரே. கறி குடுப்பாரு, ரத்தம் குடுப்பாரு, ஓடு குடுப்பாரு. இதயத்தை மட்டும் சட்டியில போட்டுட்டு காவல் இருப்பாரு. என்னத்துக்குன்னு நாங்க கேக்குறதில்ல."

கொட்டகை கடலை ஒட்டி இருக்கிறது. ஓலைக் கூரையின் கீழே பன்னிரண்டு ஆமைகள் மல்லாந்து கிடந்தன. அவை பெருமூச்சு விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்று விட்டு முடித்ததும் இன்னொன்று விடும், ஆஸ்பத்திரி வார்டில் விடிகாலையில் கேட்பது மாதிரி. கண்களிலிருந்து நீர் வழிந்து மணலில் கோடு போட்டிருந்தது. அது உப்பை வெளியேற்றும் வழி, அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடந்தேன். ஆமை ரத்தம் குடித்தால் இளைப்பு தீரும் என்று வந்தவர்கள் நாலைந்து பேர் கையில் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள்.

சவேரிக்கு நாற்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள், கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்திரியக் கயிறு, கையில் என் ஆராய்ச்சிக் கூடத்தில் யாருக்கும் வாய்க்காத நிதானம். என்னை டாக்டரய்யா என்று கூப்பிட்டார். இல்லை என்று இரண்டு முறை சொன்னேன், அப்புறம் விட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் என் ஜாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடுக்கேன். ஆனா அது நின்ன உடனே எனக்குச் சொல்லணும். மறக்கக் கூடாது."

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் தொழிலில் இருக்கிறவன் கேட்காமல் விட்டது பெரிய பிழை.

அன்று அறுத்தது இரண்டு ஆமை. ஒரு இதயத்தை அவர் கடல் தண்ணீர் நிறைந்த மண்சட்டியில் போட்டார். இன்னொன்று என் ஜாடிக்குள் போனது. மணி ஆறு நாற்பது. திரும்பும்போது வண்டி குலுங்கினதில் ஜாடியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். என் வயிற்றில் ஒன்று அடித்தது, நெஞ்சில் ஒன்று அடித்தது.

அறையில் எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்கு இருபத்தாறு. ஒரு மணிக்கு ஒரு தரம் நாலு சொட்டுச் சாறு, அரை மணிக்கு ஒரு தரம் காற்று. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்ணீரின் மேல் ஒரு வளையம் கிளம்பி ஜாடியின் விளிம்பைத் தொட்டது. மத்தியானமும் இருபத்தாறு. இப்படி நான் பார்த்ததே இல்லை. புரொபசரின் முகத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மணிக்கு சவேரி வந்தார்.

"நின்னுட்டா?"

"இல்லை அண்ணாச்சி. உங்கள் சட்டியில்?"

"அது ஒரு மணிக்கே அடங்கிட்டு." ஜாடியைக் குனிந்து பார்த்தவர் வாசற்படி ஓரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கடையில் வாங்கிய மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன். அரை ராத்தல் எட்டணா, தூத்துக்குடி போகிறவர்கள் அதை விடக் கூடாது. அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"எல்லாம் அடங்குன பொறவுதான் வாயில வைப்பேன். தண்ணி மட்டும் குடுங்க."

எத்தனை நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது என்றேன். "இருக்கட்டும்," என்றார். நான்கு மக்ரூனை அவர் எதிரில் தின்று முடித்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

பொழுது சாய்ந்தது, அவர் போகவில்லை. விடிகிற நேரத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. புஸ், புஸ் என்று சத்தம் கேட்டு எழுந்தால் வெளிச்சம் வந்திருந்தது. சவேரி ஜாடியின் முன்னால் குத்த வைத்து, நான் செய்தபடியே பம்பை அடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் விடிவதற்கு முன்னாலிருந்து சோறு காணாத மனுஷர். தன் பட்டினி நீளுவதற்குத் தானே காற்றடிக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி, விட்டிருந்தால் அதுவே நின்றிருக்குமே?"

"நீங்க தூங்குனதால அது நின்னா அது கணக்கில்ல டாக்டரய்யா. தானா நிக்கணும்."

எண்ணினேன். இருபத்திரண்டு.

எட்டு மணிக்கு அவர் மனைவி அந்தோணியம்மாள் தூக்குச்சட்டியோடு படியேறி வந்தாள். நிறை மாதம். மூன்று படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். கணவரைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், சட்டியைத் திறக்காமல் தரையில் வைத்தாள். அவளும் முதல் நாளிலிருந்து சாப்பிடவில்லை. சவேரி முகம் கழுவப் போனபோது என்னிடம் சொன்னாள்:

"மூணு வருசத்துக்கு முந்தி, சட்டி அடங்குறதுக்குள்ள பசி தாங்காம ஒரு வாய் சாப்பிட்டுட்டாவ. வீட்டுக்கு வாராவ, பிள்ளை அசைவில்லாம பொறந்து கெடக்கு. அன்னைலேருந்து இப்படித்தான். நான் நம்புதேனான்னு கேக்காதீய. அவுக நம்புதாவ. அவுக சாப்பிடாம என் தொண்டையில எறங்காது."

என் பையைத் துழாவினேன். என்னிடம் பொட்டாசியம் உப்பு ஒரு குப்பி இருந்தது. பத்துச் சொட்டு விட்டால் எந்த இதயமும் நின்றுவிடும். சவேரி வந்ததும் அதைக் காட்டி, இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்றேன். புரொபசர் என்னைத் திட்டட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

"வேண்டாம். நான் ஒரு தரம் அறுத்தாச்சு. நீங்க எதுக்கு மறுபடி கொல்லணும்?"

சாறு விடுவதை நிறுத்திக்கொண்டேன். அதற்கு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பம்பை மட்டும் மாறி மாறி அடித்தோம். ஒன்பது மணிக்குப் பதினைந்து. பத்தரைக்கு ஒன்பது. பதினொன்றே முக்காலுக்கு மூன்று. மூன்று பேரும் ஜாடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்தோணியம்மாள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது.

பன்னிரண்டு பத்துக்கு நின்றது.

எங்கள் கூடத்தில் ஐந்து நிமிஷம் அசைவில்லை என்றால் முடிந்தது என்று எழுதலாம். நான் பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தேன். "நின்றுவிட்டது," என்றேன். சவேரி சிலுவை போட்டுக்கொண்டார், கை கழுவினார், அந்தோணியம்மாள் இலை போட்டுச் சட்டியைத் திறந்தாள். சோறும் மீன் குழம்பும் ஆறிப் போயிருந்தன. அவர் ஒரு வாய் வைத்தார். அவள் தன் இலையில் கை வைத்தாள்.

ஜன்னலோரமாக நகர்த்தி வைக்கலாம் என்று ஜாடியை எடுத்தேன். தண்ணீர் லேசாக அலம்பியது. இதயம் சுருங்கி விரிந்தது. தண்ணீர் அலம்பினதால் அப்படித் தெரிந்தது என்று நினைப்பதற்குள் மறுபடி சுருங்கியது. வளையம் கிளம்பி விளிம்பைத் தொட்டது.

இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னால் சவேரி இலையைத் தள்ளிவிடுவார். அவளும் தள்ளிவிடுவாள். சொல்லாவிட்டால், அவர் எதற்கு ஒன்றரை நாள் பட்டினி கிடந்தாரோ அது வீண். என் தோள் துண்டை எடுத்து ஜாடியை மூடினேன்.

"என்னத்துக்கு மூடுதீய?" என்றார் சவேரி, வாயில் சோற்றோடு.

"ஈ வருகிறது அண்ணாச்சி."

அவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அந்தோணியம்மாள் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டாள். அவர்கள் முடித்துப் படியிறங்கும்வரை நான் ஜாடிக்கும் அவர்களுக்கும் நடுவிலேயே நின்றேன். முதுகில் ஏதோ தட்டுவது மாதிரியே இருந்தது. துண்டின் கீழே அது மூன்று இருபதுவரை அடித்தது. நோட்டில் மூன்று இருபது என்றுதான் எழுதியிருக்கிறேன். நோட்டுக்கு நான் பொய் சொல்லவில்லை.

நாலே முக்கால் வண்டியில் திரும்பினேன். புரொபசர் முப்பத்திரண்டு மணி நாற்பது நிமிஷத்தைப் பார்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வேலை நிரந்தரமாயிற்று. ஒரு ஆள் சாப்பிடுவதற்கும் ஒரு பிள்ளை பிறப்பதற்கும் சம்பந்தமில்லை. இதை யாருக்கும் படம் போட்டு விளக்க என்னால் முடியும். ஆனாலும் சவேரிக்கு விசாரித்து மூன்று முறை கார்டு எழுதினேன், மூன்றையும் தபாலில் போடவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தண்ணீர் உப்புக் கரிக்கும், கூஜா கொண்டு போங்கள். குதிரை வண்டிக்காரர் பத்தணா கேட்பார், ஆறணாவுக்கு வருவார். ஆமைக் கொட்டகையைப் பார்க்க விரும்பினால் ஆறு மணிக்கு முன்னால் போக வேண்டும்; மனசு இளகினவர்கள் போக வேண்டாம். கொட்டகைக்குப் பின்னால் நாலாவது வீடு சவேரியுடையது. பிள்ளை பிறந்திருந்தால் இப்போது அதற்கு இரண்டு வயது நடக்க வேண்டும். அங்கே அப்படி ஒரு பிள்ளை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். துண்டைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.