இரண்டாம் பாகத்தில் என் வீட்டுக்காரர்

அந்தப் படத்தின் முதல் பாகம் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். கூட வேலை பார்த்த பெண்களோடு ஒருமுறை போனேன். அடுத்த வாரம் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். அப்புறம் துணைக்கு ஆள் கிடைக்காமல் தனியாகவே போனேன். உப்புத் தண்ணீர் உடம்பில் பட்டால் பலம் வந்துவிடும் ஒரு நாயகன். கதையாகச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் எடுத்தவர்கள் சிரிக்காமல் எடுத்திருந்தார்கள். புயல் என்றால் என்னவென்று எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் படத்துப் புயலை நாங்களே நம்பினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் படகோட்டி ஒருவர் வருவார். படகு கவிழ்ந்து முழுகப்போகிறவரை நாயகன் சட்டைக் காலரைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்குவான். உயிர் பிழைத்த மனுஷன் காலை உதறிக்கொண்டு, "அண்ணே, செருப்பு போச்சுண்ணே!" என்று கத்துவார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். மீம், ஸ்டிக்கர், ரீல்ஸ் என்று தமிழ்நாடு முழுக்க அந்தச் செருப்பு ஓடியது.

அந்தப் படகோட்டியைத்தான் எனக்கு மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

நிஜத்தில் அவர் படகோட்டி இல்லை. சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பிச்சாவரத்தில் ஷூட்டிங் பார்க்கப் போனவரை, ஒல்லியாக இருக்கிறார், தூக்க வசதி என்று பிடித்துப் படகில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன வசனம் வசனமே இல்லை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத செருப்பு நிஜமாகவே சேற்றோடு போயிருந்தது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் நாடே நடிப்பு என்று நினைத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்று இதை அவரே சொன்னார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். பொண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். பிடித்துத்தான் இருந்தது. இன்றுவரை என் கஷ்டமே அதுதான்.

கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. சென்னையில் ஆடிஷன், வடபழனியில் ஒருத்தரைப் பார்க்க வேண்டும், வளசரவாக்கத்தில் இன்னொருத்தரைப் பார்க்க வேண்டும். போன இடத்தில் எல்லாம் செருப்பு வசனத்தைச் சொல்லச் சொல்லிச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். செல்போன் ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அரசு ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். எதையும் தேதி போட்டுத்தான் பேசுவார்.

"ரெண்டாம் பாகம் வரட்டும் மாப்ள. அதுல உங்க மூஞ்சி உருப்படியா தெரிஞ்சா பொண்ண அனுப்புறேன். இல்லன்னா சினிமாவ விட்டுட்டுக் கடைய ஒழுங்கா தொறங்க, அப்பவும் அனுப்புறேன். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்காதீங்க" என்றார்.

நியாயமான பேச்சு. நானும் அதற்கு ஒப்புக்கொண்டேன். நான் சிதம்பரத்துக்குத் திரும்புவதா இல்லையா என்பது ஒரு சூப்பர்ஹீரோ கையில் போய் மாட்டியது இப்படித்தான்.

இரண்டாம் பாகத்துக்குத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுக் கதையை அப்புறம் தேடியிருப்பார்கள் போல. பொங்கலுக்கு வந்தே தீரும் என்று போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஷூட்டிங்குக்குக் கூப்பிடுகிறோம் என்று இவரிடம் சொன்னார்கள். ஆடி போய், தீபாவளியும் போய்விட்டது. பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்து, நேராகப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி, பின்னால் ஒன்றும் இல்லாமல், நல்ல போட்டோ ஒன்று அனுப்பச் சொன்னான். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடலூருக்கு ஓடி வந்தார். எந்தச் சட்டை போடலாம் என்று கேட்டார். ஊதாக் கட்டம் போட்டதைப் போடச் சொன்னேன். ஸ்டுடியோவுக்கு நானும் கூடப் போனேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஆளின் போட்டோவைப் பெரிதாக்குவது காதுகுத்து, கட்சி, கருமாதி இதற்குத்தான். ஆனால் ரசிகனாகிவிட்டால் நான்காவதாகத் தியேட்டர் வாசல் ஃப்ளெக்ஸ் ஒன்று சேர்ந்துகொள்கிறது. மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்களில் ஒருத்தருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. அவருடைய சிதம்பரத்துக் கூட்டாளிகள், எல்லாரும் அந்த நாயகனின் ரசிகர் மன்றத்து ஆட்கள், அதே போட்டோவை வாங்கி நாயகனுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். 'எங்கள் ஊர் சிங்கமே' என்று எழுதியிருந்தது. சிங்கம் ஊதாக் கட்டம் போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் காலைக் காட்சிக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கடலூரிலிருந்து கிளம்பிப் போனோம். வாசலில் மேளம், வெடி. நாயகன் கட் அவுட்டுக்குப் பால் ஊற்ற இவரைத்தான் ஏணியில் ஏற்றினார்கள். "மச்சான், நீதான்டா ஊத்தணும்!" என்று கத்தினார்கள். மேலேயிருந்து அவர் என்னைத் தேடிக் கையாட்டினார். அம்மாவுக்கே பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் பால் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே விசில் தேய்ந்துவிட்டது. நாயகன் பறக்கும்போது இடுப்புக் கயிறு தெரிந்தது. நாயகியின் வாய் மூடிய பிறகு குரல் வந்தது. முதல் பாகத்தில் எங்கள் கண் முன்னால் செத்த வில்லன், இரட்டைப் பிறவி என்று சொல்லிக்கொண்டு அதே மீசையோடு வந்தான். கடல் என்று காட்டியது கழுவி வைத்த தரை மாதிரி அசையாமல் கிடந்தது. பிச்சாவரம் என்று எழுத்துப் போட்டுவிட்டு ஊட்டி மரங்களைக் காட்டினார்கள். "டேய், அங்க ஏதுடா அந்த மரம்? வந்துகூட பாக்கலியா?" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கும் அழுகைதான் வந்தது. நான் தனியாக உட்கார்ந்து பார்த்த படத்தை யாரோ அவசரத்தில் காலால் மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அப்புறம் நாயகன் படகோட்டியைத் தேடி அவர் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறக்கிறான்.

சுவரில் என் வீட்டுக்காரர். ஊதாக் கட்டம் போட்ட சட்டை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் சந்தன மாலை, கீழே சிவப்பாக மினுக்கிக்கொண்டிருக்கும் சீரியல் பல்பு. அதன் முன்னால் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். வில்லன் கொன்றுவிட்டானாம். நாயகன் போட்டோவைத் தொட்டுப் பழிவாங்குவேன் என்று சத்தியம் செய்கிறான்.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "அண்ணே, செருப்பு போச்சுண்ணே!" என்றான். அவ்வளவுதான், கூரை பறந்தது. படம் முழுக்கச் சிரிக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஜனம் மொத்தமும் அங்கே சிரித்துத் தீர்த்தது.

அம்மா என் தாலியை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் பொண்ணு பொட்டோட இருக்கும்போதே இப்படிக் காட்டுறானுங்களே, வெளங்குவானுங்களா" என்று சாபம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அழுதிருந்தால் அன்றைக்கே அவரோடு போயிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டி படுக்கைகூட எடுக்காமல் போயிருப்பேன். அவர் என் காதருகே குனிந்து, "குளோசப்பு பாத்தியா? ஸ்கிரீன் ஃபுல்லா நான்தான்!" என்றார்.

வெளியே வந்தபோது ரசிகர்களுக்கு வெறி பிடித்திருந்தது. நாயகனைத் திட்ட அவர்களுக்கு வாய் வராது, அவன் தெய்வம். டைரக்டர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். படத்தில் இருந்த ஆட்களில் கையெட்டும் தூரத்தில் நின்றவர் இவர் ஒருத்தர்தான். காலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள், கட் அவுட்டில் கிடந்த மாலையைக் கழற்றி வந்து இவருடைய ஃப்ளெக்ஸில் மாட்டினான். இன்னொருத்தன் ஊதுவத்தி கொளுத்தினான். நாலைந்து பேர் தலையில் அடித்துக்கொண்டு, "மாமா, எங்களை வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஒப்பாரி வைத்தார்கள். அத்தனை பேரும் போனில் படம் பிடித்தார்கள். இவர் சிரித்தபடி கும்பிட்டுக்கொண்டு நின்றார். கும்பிட்ட கையை இறக்க மறந்திருந்தார். அதை நான் மட்டும் பார்த்தேன்.

மறுநாள் சிதம்பரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அதே போட்டோ, அதே சிரிப்பு. 'இரண்டாம் பாகத்தில் அகால மரணமடைந்த எங்கள் சிங்கத்துக்கு' என்று பொடி எழுத்தில் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இவரே அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே நாலு சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார். அப்பாவோ, விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அதுதான் வினையாகிவிட்டது. அண்ணாகிராமத்தில் இருக்கும் என் தாய்மாமன் கைக்கு அந்தப் போஸ்டர் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடி இல்லாமல் பெரிய எழுத்தை மட்டும் படித்திருக்கிறார். அப்பாவுக்குப் போன் போட்டால் அணைத்திருக்கிறது. சாவு வீடு என்று முடிவே செய்துவிட்டார். எங்களையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போகலாம் என்று ஒரு காரைப் பிடித்து, அத்தையும் மற்ற சனமுமாக மஞ்சக்குப்பத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே அத்தை தெருமுனை வரைக்கும் கேட்க ஓலமிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வாயில் ஹேர்பின்னோடு வெளியே வந்தேன்.

"ஐயோ எங் கண்ணே, இந்த வயசுலயா ஒனக்கு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அவரு நல்லாதான் அத்தை இருக்காரு. படத்துலதான் செத்துட்டாரு."

சொல்லிப் புரிய வைப்பதற்குள் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. மாமாவின் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? புருஷன் செத்தால் பிறந்த வீட்டு முறையில் தாய்மாமன் போர்த்தும் கோடிப் புடவை. பை வாயில் எட்டிப் பார்த்தது, சந்தன கலர். அவசரத்தில் எடுத்தது, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. எனக்காக அப்படி ஒரு புடவையைக் கடையில் பிரித்துப் பார்த்து, பரவாயில்லை என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மாமாவுக்குப் பயம். வீட்டில் வைக்க அம்மாவுக்குப் பயம். "கோயில்ல குடுத்துடலாம்" என்றார் அப்பா. "கோடியப் போயி கோயில்ல குடுப்பாங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று அம்மா எகிறினாள். யார் வீட்டுக்கும் சொந்தமில்லாமல் அந்தப் பை வாசல் கேட்டில் தொங்கியது. காப்பி குடித்துவிட்டு அவர்கள் வெட்கத்தோடு கிளம்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். அதே ஊதாச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வந்ததும் வராததுமாக, "சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். அப்பாவைப் பார்த்து, "மூஞ்சி தெரிஞ்சா அனுப்புறேன்னீங்களே மாமா. தெரிஞ்சிதில்ல?" என்றார்.

"தெரிஞ்சிது மாப்ள. மாலையோட தெரிஞ்சிது" என்றார் அப்பா.

"சினிமாவுல செத்தவன் திரும்பி வர்றது ஒரு விஷயமா மாமா? மூணாம் பாகத்துல ஃப்ளாஷ்பேக் இருக்காம். அந்த போட்டோ கேட்ட பையன்தான் சொன்னான். எனக்குக் கல்யாணம் ஆவுற சீனு. பாட்டுகூட இருந்தாலும் இருக்குமாம்."

அவர் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று செருப்புக் கதை சொன்னபோது இருந்த அதே முகம்தான்.

"கடைய எப்ப தொறக்கப் போறீங்க?" என்றேன்.

"கடைய வேற ஆளுக்கு வுட்டுட்டேம்மா. போன மாசமே. ரெண்டு குதிரையில கால் வைக்க முடியாதில்ல?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அடுப்பில் எதையோ கிளறுகிற சாக்கில் அழுதாள். நான் வாசலுக்குப் போனேன். கேட்டில் தொங்கிய பையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்னம்மா இது? எனக்கா?"

"இல்லைங்க. படத்துல உங்களுக்காக ஒருத்தி நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதாளே, அவளுக்கு. என் மாமா எடுத்தாந்தது. மூணாம் பாகத்துல பாத்தா கட்டிக்கச் சொல்லுங்க."

அவர் பையைப் பிரித்துப் பார்த்தார். புடவையையும் விலைச் சீட்டையும் பார்த்தார். அது என்ன புடவை என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், மடிப்புக் கலையாமல் அதைப் பையிலேயே வைத்தார். நான் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவராகவே குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.