கையசைத்தும் இறங்கிய விமானம்

குளிர்காலத்தில் சுவிஸின் கிராபுண்டன் மலைகளின் உறைந்த ஏரிகளைப் பார்க்க வழி கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். நான் அங்கே முதலில் போனது 1986 பெப்ரவரியில். வில் என்ற சிறு நகரத்தின் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் விடுமுறை கிடைத்ததும், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த பாலன் அண்ணையிடம் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுத்த தெருக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

காலை 6.40க்கு ரயில். சூரிச்சிலும் கூரிலும் மாறவேண்டும். கூரிலிருந்து மலை ரயில் ஊர்ந்துதான் ஏறும். வலதுபக்க இருக்கை பிடியுங்கள். இறங்கும்போது பதினொன்றேகால். அரைவிலை அட்டையோடு போய்வர 46 பிராங்க். நிலையத்திலிருந்து ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் நடை.

சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகள் பூட்டிய சிறு விமானம் ஒன்று அந்த ஏரியில் இறங்கும். அதற்கு வழிகாட்ட, பனியில் மரக்கிளைகளை இரண்டு வரிசையாக நட்டு வைப்பது அண்ணையின் வேலை. விமானி வெர்னர் அவருக்கு நல்ல பழக்கம். விமானம் தெரிந்தால் அண்ணை கையசைப்பார்; வெர்னர் இறக்கையை ஆட்டிக் காட்டுவார்.

முந்தைய நாள் கனத்த பனி கொட்டியிருந்தது. இரண்டு மணிபோல், கிளைகள் சரிந்துவிட்டனவா என்று பார்க்க இருவரும் ஏரிமேல் நடந்தோம். நடுவில் போனதும் என் சப்பாத்துக்குள் தண்ணீர்.

"அண்ணை, கால் நனையுது. ஐஸ் உடையுதோ?"

அவர் குனிந்து கிளறினார். மேலே வெள்ளை, கீழே தண்ணீரில் ஊறிய சாம்பல் கூழ்.

"உடையேல்லை. பனியின்ரை பாரத்திலை தண்ணி மேலை வந்திட்டுது. இதுக்குள்ளை கட்டை புதைஞ்சு போகும். கெதியா வா, ஹோட்டலிலை சொல்லுவம்."

பாதி வழியில் விமானச் சத்தம் கேட்டது. அண்ணை திரும்பி, கிளைகளுக்கு நடுவே ஓடி, இரண்டு கைகளையும் வீசி, "நைன், நைன்" என்று, ஜெர்மனில் இல்லை, இல்லை என்று கத்தினார்.

வெர்னர் இறக்கையை ஆட்டினார்.

இறங்கியதும் இடது கட்டை கூழில் புதைந்தது. மூக்குக் குத்தி, வால் எழுந்து, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்லகாலம், பயணிகள் இல்லை. வெர்னர் இருக்கைப் பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தார். அண்ணை பட்டியை அறுக்க, நான் தோளில் தாங்கிக்கொண்டேன். ஹெலிகொப்டர் வர நாற்பது நிமிடம். அதற்கு முன்பே அவர் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை வெர்னரின் மனைவி ஹோட்டல் சமையலறைக்கு வந்தார். அண்ணைக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் அவரைத் தடுக்க ஓடியதாகச் சொல்கிறார்கள். அவர் உங்களைப் பார்த்தாரா?"

"நைன்" என்றார் அண்ணை.

நிலையத்துக்கு நடக்கும்போது அவராகவே கதைத்தார்.

"பொய் சொல்லிப்போட்டன். கண்டவர் எண்டு சொன்னால், பிறகேன் இறங்கினவர் எண்டு அவ சாகுமட்டும் யோசிப்பா. அதை நான் யோசிக்கிறன்."

அந்த ஏரிக்கு நான் பிறகும் போயிருக்கிறேன். அழகான இடம்தான், ஆனால் கரையிலேயே நின்றுவிடுவேன். போகிறவர்கள் கரையிலுள்ள அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் ஏரியில் இறங்காதீர்கள். கனத்த பனி கொட்டிய மறுநாள் இறங்கவே வேண்டாம். கால் நனைந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

இன்னொன்று. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தால், விமானிகளுக்கு அது 'நிறுத்து' என்ற சைகையாம். பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பாலன் அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை.