சண்முகவடிவின் தலைக்குள் சுழன்ற ரோதை

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில் பெல்ட்டு அறுந்து அடித்ததில் சண்முகவடிவின் வலது கன்னத்தெலும்பு நொறுங்கிப்போனது. பிழைப்பாளா என்று கிடந்தவள் பிழைத்தாள். வீக்கம் வற்றிய மூன்றாம் வாரம் தலைக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. உஸ்... உஸ்... உஸ்... ஆலையின் பெரிய சக்கரமான ரோதை சுழலும் அதே சத்தம். கூடவே வலது கண் சிவந்து, பிதுங்கி, நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எவருக்கும் சந்தேகமே இல்லை. சக்கரத்தைக் காக்கிற ரோதமுனி அவளைப் பிடித்துவிட்டார்! தீட்டோடு ஆலைக்குள் போயிருப்பாள் என்று அடுத்த வீட்டு மீனம்மா சத்தியமே செய்தாள். கோடாங்கி உடுக்கடித்துச் சிவப்புச் சேவல் கேட்டார். ஆலையை நடத்தும் டீமேக்கரும் முனி குற்றம்தான் என்று தலையாட்டினார். ஆட்டமாட்டாரா பின்னே? பெல்ட்டு நைந்துகிடக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லியும் மாற்றாத புண்ணியவான் அவர்தானே.

"சேவலக் குடுத்துருவோம் புள்ள. கண்ணு போயிருச்சுன்னா என்னா செய்வ?" என்றான் புருஷன் முத்துலிங்கம், அழாக்குறையாக.

"இங்க பாருங்க" என்று கழுத்தின் வலப்பக்கம், துடிக்கிற இடத்தில் விரலை வைத்து அமுக்கினாள். "இப்ப சத்தம் நின்னுருச்சு." விரலை எடுத்தாள். "இந்தா, மறுபடி சுத்துது. முனின்னா ஏங்க என் வெரலுக்குப் பயப்புடுறாரு?"

அவன் அவளை மருந்துக்கு அழைத்துப் போனான்.

தோட்டத்து மருந்தய்யா கண்ணோய் என்று சொட்டு மருந்து விட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டான துண்டு கேட்டதற்கு, "முனி வெவகாரத்துக்கெல்லாம் துண்டு இல்ல, போ" என்று விரட்டினார். மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் துரைக்கு எதிரே போய் நின்றாள்.

"தொரைகளே, துண்டு குடுக்கலேன்னா இந்த எடத்த விட்டு நகரமாட்டேன். கண்ணு எனக்குத்தான் போவுது, முனிக்கு இல்ல!"

கங்காணி அதட்டினார். அவள் அசையவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா? துண்டு கிடைத்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் மூடிய இமை மேல் குழாயை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. அவருக்கும் கேட்டுவிட்டது! அத்தனை நாளும் அழாதவள் அங்கேதான் விம்மி அழுதாள். கன்னம் நொறுங்கியபோது கண்ணுக்குப் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் கிழிந்து, பக்கத்து நாளத்துக்குள் இரத்தம் பீச்சியடிக்கிறது, அதுதான் சத்தம் என்றார் டாக்டர். கொழும்பில் கழுத்து இரத்தக்குழாயைக் கட்டவேண்டும். கட்டினால் கைகால் விழுந்துபோகவும் கூடும். கட்டாவிட்டால் கண் போகும்.

"கட்டச் சொல்லுங்க" என்றாள்.

கொழும்பில், இரத்தம் குறைவதைத் தாங்க மூன்று வாரம் பழக்கினார்கள். வலது கழுத்தை இடது கையாலேயே அமுக்கவேண்டும். மூளைக்கு இரத்தம் போதாமல் போனால் முதலில் இடது கைதான் சோர்ந்து தானாக விழுந்துவிடும். அவள் கை விழவே இல்லை. பிறகு கட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. அப்புறம்தான் கவனித்தாள், தலைக்குள் சத்தமே இல்லை. கண்ணில் பாதிப் பார்வை மிஞ்சியது.

திரும்பி வந்தவளை ஆலை வாசலில் டீமேக்கர் சிரித்து வரவேற்றார். "முனி மன்னிச்சுட்டாரு. சேவல வெட்டிட்டு உள்ள வா."

அவள் அந்தப் பாதிப் பார்வையால் உள்ளே பார்த்தாள். அதே பெல்ட்டு. அறுந்த இடத்தை ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"சேவல் வெட்டுறேங்க. முனிக்கும் எனக்கும் பகையில்ல. ஆனா பெல்ட்ட மாத்துறது முனி வேலையில்லங்க, ஒங்க வேலை. மாத்துற வரைக்கும் உள்ள வரமாட்டேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது, சத்தியம் செய்த அதே மீனம்மாதான். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள், யாரும் கழுத்தில் விரல் வைக்காமலே ஆலையின் ரோதை நின்றது.