எடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டர்

அன்று மாலை சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். பக்கத்து வீட்டு முசியே இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்பதால் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; செஸ்ஸில் எங்கள் தெருவில் யாரிடமும் தோற்காதவர். அப்புறம் என் பழைய கம்ப்யூட்டர்.

"முசியேவ ஜெயிச்சா அது இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கு எடைக்குப் போட்டுடுவேன்" என்றாள் மனைவி.

செஸ் ஆடும் புரோகிராமின் சோர்ஸ் கோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நம் மெஷினுக்குப் புரியும்படி கம்பைல் செய்தால்தான் ஓடும். சூடேறும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். அதற்கான வீடியோ ஒன்றில் பார்த்த கட்டளை வரியை அப்படியே அடித்தேன். கம்பைல் முடிந்தது. புரோகிராமைத் திறந்ததும் நின்றுபோனது.

"உங்கள மாதிரியே. எழுந்ததும் படுத்துடுச்சு" என்றாள்.

முசியே சிரித்தார். "நான் ஜெயிச்சதா வச்சுக்கலாமாப்பா?"

"உக்காருங்க முசியே. காப்பி குடிங்க."

வரியை மறுபடி படித்தேன். வீடியோக்காரர் அதில் புது புராசசர் வகையின் பெயரை அடித்திருந்தார். என்னுடையது பழசு. அந்த ஒரு சொல்லைப் பழைய வகைக்கு மாற்றி, திரும்பக் கம்பைல் செய்தேன். ஓடியது.

முசியே பலகையில் வெள்ளைக் காய் எடுத்தார். கம்ப்யூட்டருக்காக நான் கறுப்பை நகர்த்தினேன். முதலில் விசில் அடித்தபடி ஆடினார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைத் தானே படுக்க வைத்தார்.

மனைவி ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளாமல் கம்ப்யூட்டர் பக்கமே விட்டாள். "எத்தனாவது நகர்த்தல்ல கவுத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

இருபத்தேழு.